பட்டை இல்லாத பட்டைத்தலை வாத்து

மார்கழி, தை வந்துட்டுன்னா என் போனுக்கு பறவ போட்டோவா வர ஆரம்பிச்சிரும். தேரூர், சுசீந்திரம், வெம்பனூர், மணக்குடி, புத்தளம் உப்பளம்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தண்ணி கெடக்குற எடத்துக்குப் பக்கத்துல வீடு உள்ள சொந்தக்காரங்க, கூட வேல பாக்குறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது ஒரு படத்த அனுப்பி இது என்ன பறவன்னு கேப்பாங்க. பெரும்பாலும் நத்தகுத்தி நாரை, மஞ்சமூக்கு நாரை, அருவாமூக்கன், இல்லேன்னா தாமரை எல மேல நடந்து திரியுற இலைக்கோழி, இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும், ஒடனே சொல்லிரலாம். இந்த தை மாசம் தங்கச்சி மவன் அனுப்பின படம் அப்படி இல்ல. தேரூர் பக்கம் ஒரு குளத்தாங்கரையில சாம்பல் நெறத்துல பெரிய பறவ ஒண்ணு புல்லு மேயுது, தல குனிஞ்சிருக்கு, மூஞ்சி அரகொறயாத்தான் தெரியுது. கீழ எழுதியிருக்கான், "மாமா, இது கிரேலாக் கூஸ்னு ஒரு ஆப்புல காட்டுது, நெட்ல பாத்தா அது நம்ம பக்கம் சாதாரணமா வராதாமே, ரேர் ரெக்கார்டா?"

"ஒத்தயா நிக்குதா, கூட வேற எதும் உண்டா மக்ளே?"ன்னு கேட்டேன். "கூட ரெண்டு நிக்கி மாமா, அது பட்டைத்தலை, தலையில கோடு நல்லா தெரியுது, அது எனக்கே தெரியும், அதனால எடுக்கல, இதுக்கு கோடு இல்ல, அதான் இத மட்டும் எடுத்தேன்"னான். பாதி பதில் அதுலயே இருக்கு. மீதிய அவன்கிட்ட போன்ல சொன்னத விட கொஞ்சம் விரிவா இங்க எழுதுதேன், ஏன்னா நம்ம பக்கம் இந்த பட்டைத்தலை வாத்து (இங்கிலீஷ்ல பார்-ஹெடட் கூஸ்) எப்பவாவது தான் வருது, வாற நேரத்துல அத சரியா அடையாளம் கண்டு எழுதி வச்சாதான் பின்னால வாறவங்களுக்கு உபயோகப்படும். தலையில கோடு இருந்தா பட்டைத்தலை, இல்லாட்டி வேற என்னமோன்னு நம்ம ஆளுங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அந்த கணக்கு தப்பு.

மொதல்ல ஒண்ணு, பேர தேடுறதுக்கு முன்னால பாக்கிறது வாத்தா தாராவான்னு முடிவு பண்ணணும், இங்க நான் வாத்துன்னு சொல்றது இங்கிலீஷ்ல கூஸ், தாரான்னு சொல்றது டக். குளத்துல மெதக்குறது முக்காவாசி தாரா தான், சிறகி தான். சீழ்க்கைச் சிறகி, புள்ளிமூக்கு வாத்து, குளிர்காலத்துல வாற ஊசிவால் வாத்து, பேருல வாத்துன்னு இருந்தாலும் இதெல்லாம் அந்த தாரா வகை. குள்ளத்தாராவுக்கு இங்கிலீஷ் பேருல கூஸ்னு இருக்கும், ஆனா அது 30 செ.மீ. கிட்டதான் வரும், நம்ம தாமரைக் குளங்கள்ல வருஷம் பூரா பாக்கலாம், அதுக்கும் நாம பேசுற வாத்துக்கும் சம்பந்தம் இல்ல. நெசமான வாத்துன்னா மொதல்ல ஆகிருதி கண்ணுல படும். பட்டைத்தலை 71ல இருந்து 76 செ.மீ. நீளம், ரெக்கைய விரிச்சா ஒண்ணர மீட்டர் பக்கம், எட ரெண்டு கிலோவுல இருந்து மூணு கிலோ வர. புள்ளிமூக்கு வாத்து பெருசுன்னு நெனப்போம், அதுவே 60 செ.மீ. தான். கழுத்து நீளம், அத நேரா தூக்கி வச்சிருக்கும். கால் ஒடம்புக்கு நடுவுல இருக்கும், அதனால தரையில நடக்கிறது ஒரு சிரமமும் இல்லாம நடக்கும், தாராவுக்கு கால் பின்னால தள்ளி இருக்கிறதால அது ஆடி ஆடித்தான் நடக்கும். அலகும் வேற, தாராவோட அலகு தட்டையா அகலமா இருக்கும், வாத்தோட அலகு அடியில தடியா, நுனிய நோக்கி கூம்பிக்கிட்டு, ஓரத்துல அரம் வச்ச கணக்கா இருக்கும், புல்ல கடிச்சி இழுத்து அறுக்கதுக்குத்தான் அது. அதனால தண்ணிக்குள்ள மேயுறத விட கரையில புல்லு மேல நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. இன்னொண்ணு, ஆணும் பொண்ணும் ஒரே நெறம், ஆண் கொஞ்சம் பெருசா இருக்கும், அவ்வளவுதான். குளிர்காலத்துல வாற தாரா வகைகள்ல ஆணுக்கு கலர் கலரா இருக்கும், பொண்ணு மண்ணு நெறத்துல இருக்கும், அத வச்சி பிரிக்கலாம், இங்க அந்த வழி இல்ல.

அடுத்தது, நிக்கிறது காட்டு வாத்தா வீட்டு வாத்தா. இத யாரும் கண்டுக்கிறது இல்ல, ஆனா நம்ம மாவட்டத்துல இதுதான் ரொம்ப அவசியம், ஏன்னா பண்ணையில, தோப்புல, பெரிய வீட்டு முத்தத்துல காவலுக்குன்னு கூஸ் வளக்கிறவங்க நெறய பேரு, அதுல ஒண்ணு ரெண்டு தப்பி குளத்துல வந்து எறங்கிரும். முழுசா வெள்ளையா இருந்தா யாருக்கும் கொழப்பம் வராது. கொழப்புறது சீன வகை கூஸ் தான், அதோட மூதாதை ஸ்வான் கூஸ்ங்கிற காட்டு வாத்து. அதுல தவிட்டு நெற வகைக்கு உச்சந்தலையில இருந்து கழுத்தோட பின்பக்கம் முழுக்க கருந்தவிட்டு நெறத்துல ஒரு கோடு எறங்கும், கழுத்தோட முன்பக்கம் வெளுத்திருக்கும். தூரத்துல இருந்து எடுத்த போன் படத்துல பாத்தா பட்டைத்தலையோட கழுத்து மாதிரியே இருக்கும். எங்க பாக்கணும்னா நெத்தியும் அலகும் சேருற எடத்த பாக்கணும், அங்க ஒரு முண்டு தள்ளிக்கிட்டு நிக்கும், அலகு அனேகமா கருப்பா இருக்கும். அடுத்து வயிறு, வீட்டு வாத்துக்கு வயிறு கனத்து தரைய ஒட்டித் தொங்கும், பின்பக்கம் சரிஞ்சிருக்கும், ஒடம்பு நிமிந்து நிக்கும். காட்டு வாத்து அப்படி இல்ல, ஒடம்பு தரைக்கு சமமா, மெலிஞ்சி, ரெக்கையோட நுனி வால் வர நீண்டு கெடக்கும், பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கிற ஒடம்பு அது, பாத்தாலே தெரியும். பக்கத்துல போனா வீட்டு வாத்து கழுத்த நீட்டிக்கிட்டு சத்தம் போட்டு நம்மள வெரட்ட வரும். காட்டு வாத்து தூரத்துல வச்சே தலைய தூக்கிரும்.

சரி, வளந்த பட்டைத்தலை வாத்துக்கு வருவோம், இத வரித்தலை வாத்துன்னும் எழுதுவாங்க. தல வெள்ள. அதுல ரெண்டு கருப்புப் பட்டை, மேல உள்ளது ஒரு கண்ணுல இருந்து பின்மண்டைய சுத்தி அடுத்த கண்ணு வர போவும், ஹெட்போன கழட்டி பின்னால தள்ளி மாட்டினா எப்படி இருக்கும், அப்படி. அதுக்கு கீழ பிடரியில சின்னதா இன்னொண்ணு. எல்லாரும் இதோட நிறுத்திக்கிடுவாங்க. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச அடையாளம் கழுத்தோட பக்கவாட்டுல இருக்கு, மூஞ்சியில உள்ள வெள்ள அப்படியே எறங்கி கழுத்தோட ரெண்டு பக்கமும் ஒரு வெள்ளக் கோடா நீளமா கீழ வர ஓடும், பின்கழுத்து கருப்பு, முன்கழுத்து கருஞ்சாம்பல், நடுவுல இந்த வெள்ளக் கோடு. தல குனிஞ்சி மேயும்போது பட்டை ரெண்டும் புல்லுக்குள்ள மறஞ்சிரும், அப்பவும் இந்தக் கோடு தெரியும். ஒடம்பு வெளுத்த சாம்பல், வெயில் பட்டா வெள்ளி கணக்கா இருக்கும். விலாவோட பின்பகுதி மட்டும் கருந்தவிட்டு நெறம், வால் பக்கம் அடிவயிறு வெள்ள. அலகு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது, நுனியில நகம் போல ஒரு சின்ன கருப்பு. கால் ஆரஞ்சு.

கிரேலாக் கூஸ் எப்படி இருக்கும்னா, அது இத விட பெருசு, கழுத்து தடி, ஒடம்பு சாம்பலும் தவிடும் கலந்தது, தலையும் கழுத்தும் எல்லாம் ஒரே நெறம், வெள்ளயும் இல்ல கருப்பும் இல்ல. நம்ம நாட்டுக்கு வாற கிழக்கத்திய வகைக்கு அலகும் காலும் ரோஸ் கலரு. அலகு நுனி வெளுப்பு, கருப்பு இல்ல. வட இந்தியாவுல குளிர்காலத்துல ஏராளமா வரும், தெற்க வர வர கொறஞ்சிரும். இன்னொண்ணு உண்டு, வெள்ளைநெத்தி வாத்து, அதுக்கு ஆரஞ்சு கால் தான், ஆனா அலகுக்கு மேல நெத்தியில மட்டும் வெள்ள, வயித்துல கருப்பு கருப்பா குறுக்குக் கோடு. அது இந்தியாவுக்கே அபூர்வமா வாறது.

இப்ப பய அனுப்பின படத்துக்கு வாறேன். கோடு இல்ல, அது வாஸ்தவம். படத்த பெருசாக்கிப் பாத்தா கால் ரோஸ் இல்ல, மங்கின மஞ்சள். அலகும் அப்படியே, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல், நுனி கருப்பு. அந்த எடத்துலயே கிரேலாக் அடிபட்டுப் போச்சு. உச்சந்தலையில இருந்து பின்கழுத்து வர ஒரே கருஞ்சாம்பல், ஆனா கன்னமும் நெத்தியும் வெளுப்பு, அலகுல இருந்து கண்ண நோக்கி மங்கலா ஒரு அழுக்குக் கோடு. முன்கழுத்துக்கும் பின்கழுத்துக்கும் நடுவுல வெளுத்த எடம் உண்டு, ஆனா பெரிய பறவைக்கு உள்ளது மாதிரி பளிச்சுன்னு இல்ல. ஒடம்பு வெளுத்த சாம்பல். இது பட்டைத்தலையோட குஞ்சு, போன கோடையில பொறந்தது, மொத குளிர்காலத்துக்கு அப்பா அம்மா கூட வந்திருக்கு. தலையில பட்டை பெறவு தான் வரும்.

வாத்து குடும்பம் குடும்பமா இருக்கிற பறவ. ஜோடி வருஷக்கணக்கா சேந்தே இருக்கும், குஞ்சுகள கூட்டிக்கிட்டு வலசை வரும், குளிர்காலம் முழுக்க குஞ்சு அதுங்க பக்கத்துலயே மேயும், திரும்பிப் போற வழியும் அதுங்க கூடப் போய்த்தான் படிக்கும். அதனால பட்டை உள்ள ரெண்டு பெரியதுக்கு நடுவுல பட்டை இல்லாத ஒண்ணு ரெண்டு நின்னா, அது வேற இனமா இருக்கிறதுக்கு முன்னால அதுங்க பிள்ளையா இருக்கும்னு நெனைக்கணும். பய அந்த ரெண்டையும் படத்துல சேத்திருந்தான்னா ஆப்பு என்ன சொன்னாலும் அவனுக்கே வெளங்கியிருக்கும். ஆப்ப நான் கொற சொல்லல, அதுக்கு காட்டினது ஒரு குனிஞ்ச தலை, அது தனக்குத் தெரிஞ்ச சாம்பல் வாத்துல அதிகமா படம் உள்ளத சொல்லிருக்கு. யாரு கூட நிக்குது, எப்படி நிக்குது, எந்த ஊரு, என்ன மாசம், இதெல்லாம் சேத்து யோசிக்கிறது நம்ம வேல.

பெறவு ஞாயித்துக்கெழம காலையில பயலயும் கூட்டிக்கிட்டு அந்த குளத்துக்கே போனோம். பைனாகுலர் வழியா பாக்கிறது வேற அனுபவம், போன்ல எத்தன பெருசாக்கினாலும் அது கெடைக்காது. மூணும் கரையில இருந்து தள்ளி தண்ணி வத்தின ஒரு திட்டுல நின்னுது, ரெண்டு ஒத்தக் காலுல நின்னு தலைய பின்னால செருகி தூங்குது, ஒண்ணு மட்டும் கழுத்த நீட்டி காவல் நிக்குது. குளத்தடியில வயல் வச்சிருக்கிற ஒரு பாட்டா வரப்புல நின்னாரு, "என்ன மக்ளே பாக்குதிய?"ன்னாரு. காட்டிக் குடுத்தேன். "இது தாரா இல்லியா? பகல் பூரா தூங்குது, ராத்திரி ஆனா ஆங் ஆங்னு ஒரே சத்தம், எங்க வீட்டு வர கேக்குது, எவனாவது வீட்டுல வளக்குறத அவுத்து விட்டுட்டானோன்னு நெனச்சேன்"னாரு.

பாட்டா சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துது, ஏன்னா அது அப்படியே பட்டைத்தலையோட நடப்பு. இந்தியாவுல குளிர்காலத்துல இதுங்க பகல்ல குளத்துலயோ ஆத்து மணல்லயோ ஓய்வெடுக்கும், சாயங்காலத்துக்குப் பெறவும் ராத்திரியிலயும் மேய எறங்கும், மனுசன் நடமாட்டம் உள்ள எடத்துல குறிப்பா அப்படித்தான். சத்தம் மூக்கால போடுற மாதிரி, அடித்தொண்டையில, நிறுத்தி நிறுத்தி வரும். பறக்கும்போது தலைக்கு மேல அந்த சத்தம் கேட்டா நிமிந்து பாருங்க, சாய்ஞ்ச கோடாவோ இங்கிலீஷ் வி எழுத்தாவோ போவும், ரெக்கையோட முன்பாதி வெளுத்த சாம்பலா, பின்பாதியும் நுனியும் கருப்பா பிரிஞ்சி தெரியும், வெள்ளத் தல தூரத்துலயே தெரியும். "நெல்ல திங்குமா?"ன்னு பாட்டா கேட்டாரு, அவருக்கு கும்பப்பூ கதிர் வாங்கி நிக்குது, கேக்கத்தான் செய்வாரு. உள்ளத சொன்னேன், புல்லு, கோரைக் கெழங்கு, எளம்பயிரு, உதிந்த நெல்லு எல்லாம் திங்கும், பெரிய கூட்டமா எறங்குற ஊர்கள்ல வெவசாயிக்கு அது கஷ்டம்தான், ஆனா இங்க நிக்கிறது மூணு, குளத்துல தண்ணி வத்தின எடத்துல மொளச்ச புல்லே அதுக்குப் போதும், பங்குனிக்குள்ள கெளம்பிரும்னு. "எங்க இருந்து வருது?"ன்னாரு. இமயமலைக்கு அந்தப் பக்கம்னதும் அவரு பைனாகுலர வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு.

அங்க இருந்துதான் வருது. திபெத்து, சீனாவுல சிங்ஹாய், மங்கோலியா, கிர்கிஸ்தான், நம்ம நாட்டுலயே லடாக்குல சோ மொரிரி மாதிரி ஏரிக்கரை, இங்கல்லாம் முட்டை வச்சி குஞ்சு பொரிக்கும். சோ மொரிரி 4,500 மீட்டர் ஒயரத்துல இருக்கு. லடாக்குல இருந்து நம்ம நாஞ்சில் நாட்டுக்கு நேர் கோடு போட்டாலே 2,800 கிலோமீட்டர் பக்கம் வரும், மங்கோலியான்னா இன்னும் எவ்வளவோ கூட. மங்கோலியாவுல கழுத்துல அடையாளப் பட்டை மாட்டி விட்ட வாத்துகள கர்நாடகா வர பாத்திருக்காங்க. எவரெஸ்டுக்கு மேல பறக்கிற வாத்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆராய்ச்சிக்காரங்க சாட்டிலைட் கருவி மாட்டி அளந்து பாத்ததுல அதிகபட்சம் 7,290 மீட்டர் வர பதிவாகியிருக்கு, அதுவே பெரிய ஒயரம். எனக்கு அத விட ஆச்சரியம் அது பறக்கிற விதம். ஒரே ஒயரத்துல நேரா போறது இல்ல, மலை ஏறுனா ஏறும், பள்ளத்தாக்கு எறங்குனா கூடவே எறங்கும், நெலத்த ஒட்டியே போவும், 2015ல வந்த ஆராய்ச்சி இது. ஏறி எறங்குறது வீண் வேலன்னு நமக்குத் தோணும், ஆனா ஒயர காத்து லேசா இருக்கிறதால அங்கயே நின்னு ரெக்க அடிக்கதுக்கு ஆகுற செலவு ரொம்ப கூட, அதனால எறங்கி எறங்கி போறதுதான் லாபம். மலைய கடக்கிறது பெரும்பாலும் ராத்திரியிலயும் விடியக்காலையிலயும், அந்த நேரம் காத்து குளுந்து கனமா அமைதியா இருக்கும். ரத்தத்துல உள்ள ஹீமோகுளோபின்ல சின்ன மாத்தம், அது ஆக்சிஜன கெட்டியா பிடிக்கும். நுரையீரலும் மத்த வாத்துகள விட பெருசு. ஜெசிகா மெயர்னு ஒரு விஞ்ஞானி இந்த வாத்துக் குஞ்சுகள முட்டையில இருந்து வந்த நாள் தொட்டு தானே வளத்து, மூஞ்சில மாஸ்க் மாட்டி, ஆக்சிஜன கொறச்சி காத்துச் சுரங்கத்துக்குள்ள பறக்க வச்சி அளந்தாங்க, அந்த முடிவு வந்தது 2019ல, அதே வருஷம் அவங்க நாசா விண்வெளி வீராங்கனையா சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் போனாங்க. இத பயகிட்ட சொன்னப்ப அவன் கண்ணு விரிஞ்சிது.

தெக்க இந்த வாத்த நிச்சயமா பாக்கணும்னா திருநெல்வேலி மாவட்டத்து கூந்தன்குளம் தான். நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, வள்ளியூர், நாங்குநேரி வழியா போகலாம். 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, 2021ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்துது. ஊருக்குள்ள வீட்டு மரங்கள்லயே நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், பறவ பயப்படும்னு ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடுறது இல்ல. அங்க பட்டைத்தலை கூட்டமா நிக்கும், பட்டை உள்ளது இல்லாதது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வச்சிப் பாத்து கண்ண பழக்கிக்கிடலாம். நம்ம மாவட்டத்துலயும் சுசீந்திரம் தேரூர் குளங்களும், வெம்பனூரும் 2022ல ராம்சார் எடமா ஆச்சு. பேரு கெடச்சது சந்தோசம். ஆனா குளத்த பாத்தா பல எடத்துல ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு, கரைய ஒட்டி மண்ணடிச்சி நெரப்புறாங்க, குப்ப கொட்டுறாங்க. வாத்துக்கு வேணும்ங்கிறது திறந்த தண்ணி, வத்துற எடத்துல புல்லு, நடுவுல யாரும் வராத ஒரு திட்டு. அந்த மூணும் இருக்கிற குளம்தான் அதுக்கு குளம். இவ்வளவு தூரம் வந்த ஒரு குடும்பத்துக்கு அது கூட குடுக்க முடியலேன்னா எனக்கு மனசு ஆறாது.

பிசிராந்தையார் குமரித் துறையில அயிரை மீன் மேஞ்சிட்டு வடக்க மலைக்குத் திரும்புற அன்னத்த கூப்பிட்டுப் பாடினது புறநானூறுல 67ஆவது பாட்டு, அந்த அன்னம் பட்டைத்தலை தான்னு சொல்லுறவங்க உண்டு. போற வழி அப்படியே பொருந்துது, மீன் பொருந்தல, இது பெரும்பாலும் புல்லு மேயுற பறவ. அதனால அடையாளம் பாக்கிற கண்ணோட பாத்தா அத உறுதியா சொல்ல நான் தயாரில்ல. ஆனா குளிர்காலத்துல குமரியில தங்கி வடமலைக்குத் திரும்புற பறவ உண்டுன்னு அந்தக் காலத்துலயே இங்க நின்னு கவனிச்சிருக்காங்க, அது எனக்குப் போதும்.

பாக்கப் போறவங்களுக்கு கொஞ்சம் சொல்லிருதேன். மார்கழியில இருந்து மாசி வர பாருங்க, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னால, சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கிற கரையா பாத்து நில்லுங்க, எதிர்வெயில்ல பாத்தா எல்லா வாத்தும் கருப்புதான். பக்கத்துல போகணும்னு ஆசப்படாதிங்க, காவல் நிக்கிறது கழுத்த நீட்டிட்டுன்னா அங்கயே நின்னிருங்க, ஒரு எட்டு கூட வச்சா மொத்தமா எழும்பிரும், ஒவ்வொரு தடவ எழும்பும்போதும் திரும்பிப் போறதுக்கு சேத்து வைக்கிற கொழுப்புல கொஞ்சம் போயிரும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். செத்துக் கெடந்தா கையால தொடாம வனத்துறைக்கோ கால்நடை ஆஸ்பத்திரிக்கோ சொல்லுங்க, 2005ல சிங்ஹாய் ஏரியில பறவைக் காய்ச்சல்ல ஏராளமா செத்ததுல இந்த வாத்துதான் அதிகம். யாராவது பிடிக்கப் பாத்தாலும் வனத்துறைக்கு சொல்லுங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

படம் எடுத்தா மொதல்ல மொத்தக் கூட்டத்தயும் ஒண்ணு எடுங்க, பெறவு தலை நிமிந்த நேரம் அலகு தெரியுற மாதிரி ஒண்ணு, தண்ணிய விட்டு ஏறுனப்ப கால் தெரியுற மாதிரி ஒண்ணு. பறந்தா அதுவும் ஒண்ணு, கலங்கலா இருந்தாலும் பரவாயில்ல, ரெக்கையோட ரெண்டு நெறம் தெரிஞ்சா போதும். எண்ணும்போது மொத்தம் இத்தனன்னு மட்டும் எழுதாம பட்டை உள்ளது எத்தன, இல்லாதது எத்தனன்னு தனித்தனியா எழுதுங்க. பட்டை இல்லாத குஞ்சு ஜாஸ்தியா வந்த வருஷம்னா அங்க ஏரிக்கரையில குஞ்சு பொரிப்பு நல்லா நடந்திருக்குன்னு அர்த்தம், கொறஞ்சா அங்க ஏதோ சரியில்ல, திபெத்துக்குப் போகாமலே தேரூர்ல நின்னு இத ஓரளவு சொல்லலாம், ஆனா ஒரு குளத்து மூணு பறவய வச்சி இல்ல, கூந்தன்குளம் கணக்கும் மத்த குளங்களோட கணக்கும் எல்லாம் சேந்தாத்தான். பொங்கல் நேரத்துல நடக்கிற பறவைக் கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்துல இருந்து இன்னும் நெறய பேரு சேரணும். பய இந்த வருஷமே ஈபேர்டுங்கிற, பாத்த பறவைகள பதியுற இணையதளத்துல கணக்கு தொடங்கிட்டான், அவன் போட்ட மொத பட்டியல்ல பட்டைத்தலை வாத்து 3, அதுல பெருசு 2, குஞ்சு 1, படத்தோட இருக்கு. வெம்பனூர், பார்வதிபுரம், மணக்குடி பக்கம் உள்ளவங்க பாத்தீங்கன்னா எனக்கும் அனுப்புங்க, தலையில பட்டை இல்லாதத விட்டுராதிங்க.